தப்பான பெட்டியில் இருபத்தேழு சொற்கள்

நாலரை வயதில் ஒருவர் தோற்றுப்போவதற்கு எங்கள் ஊரில் எல்லா வசதியும் செய்து வைத்திருக்கிறார்கள். அதற்கென்றே மூன்று மாடிக் கட்டடம் இருக்கிறது. வாசலில் பலூன் பிடித்த கரடி படம். உள்ளே சின்ன நாற்காலி, சின்ன மேஜை, சின்ன வாஷ்பேசின். கோப்புகள் மட்டும் பெரியவர்கள் அளவில் இருக்கும்.

மழலைப் பேச்சு மேம்பாட்டு மையம் என்று அதற்குப் பெயர். லிஃப்ட் மெக்கானிக் தன் மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு முதன்முதலாக அங்கே போன அன்று, வரவேற்பறையில் காத்திருந்த முக்கால் மணி நேரமும் மகள் பேசிக்கொண்டே இருந்தாள். தொட்டியில் இருக்கிற மீன் ஏன் கண்ணை மூடவில்லை, மூடினால் முட்டிக்கொள்ளுமா, சுவரில் இருக்கிற கரடிக்கு ஏன் கால்சட்டை இல்லை, அதற்குக் குளிராதா, அம்மா தைத்துக் கொடுப்பாளா. வீட்டில் அவளுக்கு வாயாடி என்றுதான் பெயர்.

“பேச்சு வர வைக்கிற இடமா இது, பேச்சை நிறுத்துற இடமாங்க?” என்று மனைவி அவன் காதோடு கேட்டாள். அவள் ஆல்டரேஷன் கடையில் வேலை பார்ப்பவள். காலையிலிருந்து மாலை வரை ஊரார் இடுப்பைப் பிடித்துத் தளர்த்துபவள்.

“சும்மா இரு. சான்றிதழ் வாங்கிட்டுப் போயிடலாம்.”

விஷயம் இதுதான். பள்ளியில் முதல் வகுப்பில் சேர, குழந்தையின் பேச்சு வயதுக்கேற்ப இருக்கிறது என்று மையம் சான்றிதழ் தர வேண்டும். தராவிட்டால் குழந்தை தனிப் பிரிவுக்குப் போகும். தனிப் பிரிவு என்னவென்று மெக்கானிக்குக்குத் தெரியும். அந்தப் பள்ளியின் லிஃப்ட்டை மாதாமாதம் பார்ப்பவன் அவன்தான். தனிப் பிரிவு தரைத்தளத்துக்கும் கீழே இருந்தது. ஜன்னல் கிடையாது. பத்துப் பன்னிரண்டு குழந்தைகள் மரக்கட்டைகளை நிறம் நிறமாகப் பிரித்துக்கொண்டிருப்பார்கள். பிரித்து முடித்ததும் ஆயா வந்து மறுபடி கலந்துவிடுவாள். லிஃப்ட் அந்தத் தளத்துக்கு இறங்கிப் போவதை அவன் பார்த்திருக்கிறான். அங்கிருந்து மேலே வர யாரும் பொத்தானை அழுத்திப் பார்த்ததில்லை.

மதிப்பீட்டாளர் நாற்பது வயதுப் பெண்மணி. பெயர் அட்டையைப் பார்க்காமலே, அவர் வாயைத் திறந்ததும் தமிழ்க்காரர் என்று தெரிந்தது. மனைவிக்கு உயிர் வந்தது.

“அப்பாடா, நம்மாளுங்க! மேடம் நீங்க எந்தப் பக்கம்?”

“பெற்றோருக்கு விளக்கம் சொல்ல மட்டும்தான் நான் வீட்டு மொழி பேசலாம். அதுவும் குழந்தை அறையில இல்லாதப்போ. வேற எதுக்கும் பேசக் கூடாதுன்னு விதி இருக்கு. அதனால உங்க கேள்விக்கு...” என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போது வாயாடி மீனைப் பார்த்துவிட்டு உள்ளே ஓடி வந்தாள். குழாயைத் திருகி மூடினாற்போல் தமிழ் நின்றது. மீதி வாக்கியம் பொதுமொழியில் வந்தது. பொதுமொழி என்பது பள்ளியில், பேருந்தில், வங்கியில் பேசுகிற மொழி. இந்தக் கதையில் யாராவது அச்சடித்த அறிவிப்பு மாதிரிப் பேசினால் அது பொதுமொழி என்று வாசகர் எடுத்துக்கொள்ளலாம்.

ஐம்பது பட அட்டைகள் இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். வாயாடி ஐம்பதுக்கும் பதில் சொன்னாள். பந்து, பேருந்து, பூனை, கத்தரிக்கோல் என்று சிலவற்றைப் பொதுமொழியில் சொன்னாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் கற்றது. மற்றவற்றைத் தமிழில் சொன்னாள். குடைப் படம் வந்தபோது, “குடை! எங்கம்மாது கிழிஞ்சு போச்சு. காத்து வந்து பிடுங்கிச்சா, அம்மா காத்தைத் திட்டுச்சு. காத்துக்குக் காது கேக்கல” என்றாள். மதிப்பீட்டாளரின் உதடு ஒரு கணம் சிரிக்கப் பார்த்தது. பிறகு குடைக்கு நேரே பூஜ்யம் போட்டார்.

குழந்தையை மறுபடி மீனிடம் அனுப்பிவிட்டுத் தமிழுக்குத் திரும்பினார்.

“இருபத்தி மூணு. இந்த வயசுக்கு நாப்பது வேணும். தாமதம் இருக்கு.”

“அம்பதும் சொன்னாளே மேடம்?”

“சொன்னா. இருபத்தேழு வீட்டு மொழியில சொன்னா.”

“குடைன்னா என்னன்னு அவளுக்குத் தெரியுது மேடம்.”

“தெரியுது. ஆனா தப்பான பெட்டியில தெரியுது.”

ஒரு தாளை எடுத்துக் காட்டினார். அதில் ஒரு குழந்தையின் தலை, தலைக்குள் இரண்டு பெட்டி. ஒன்றில் சொற்கள் பிதுங்கி வழிந்தன. இன்னொன்றில் சிலந்தி கூடு கட்டியிருந்தது.

“குழந்தை மூளையில இடம் கொஞ்சம்தான். வீட்டு மொழி அதை அடைச்சுட்டு உக்காந்திருக்கு. அதைக் காலி பண்ணாத்தான் பொதுமொழி குடி வரும்.”

“வாடகை வீடு மாதிரியா?” என்றாள் மனைவி.

“ரொம்ப சரியாப் புரிஞ்சுக்கிட்டீங்க.”

“நீங்களும் ரெண்டு மொழி பேசுறீங்களே மேடம். உங்களுக்கு மட்டும் எப்படி இடம் பத்துச்சு?”

மதிப்பீட்டாளர் கோப்பை மூடினார்.

“நான் பயிற்சி எடுத்தவ,” என்றார்.

சிகிச்சைக்குப் பெயர் மொழி ஒழுக்கம். எட்டு மாதம். வீட்டில் தமிழ் கிடையாது. குழந்தை தமிழில் கேட்டால் புரியாததுபோல் இருக்க வேண்டும். தவறிப்போய் வாயிலிருந்து விழும் ஒவ்வொரு தமிழ்ச் சொல்லையும் ஒழுக்க நாட்குறிப்பில் எழுத வேண்டும்.

“எங்களுக்குப் பொதுமொழி அவ்வளவா வராது மேடம். வேலை நடக்கிற அளவுக்குத்தான்.”

“நல்லா வரணும்னு அவசியமில்ல. வேற எதுவும் வரக் கூடாது. அவ்வளவுதான்.”

மெக்கானிக்குக்குத் தெரிந்த பொதுமொழி முழுக்க லிஃப்ட் கற்றுக்கொடுத்தது. ஒன்பது வருடமாக அவனோடு பேசிய ஒரே பொதுமொழிக்காரி, லிஃப்ட்டுக்குள் பதிவு செய்து வைத்திருக்கும் பெண் குரல்தான். மனைவிக்குத் தெரிந்தது கடைக் கவுன்ட்டர் கற்றுக்கொடுத்தது. இரண்டையும் கூட்டிக் குடும்பம் நடத்த ஆரம்பித்தார்கள்.

முதல் நாள் காலை அவன் கரண்டியை மகள் வாய்க்கு நேரே கொண்டுபோய், “கதவுகள் திறக்கின்றன” என்றான். அவள் சிரித்துக்கொண்டே வாயைத் திறந்தாள். “கதவுகள் மூடுகின்றன.” மூடினாள். நன்றாகத்தான் இருந்தது. குளிக்க வைத்தபோது, “கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளவும்.” சட்டை போட்டபோது மனைவி, “அளவு சரியாக உள்ளதா? கழுத்து இறுக்கமா?” தூங்க வைக்கும்போது என்ன சொல்வதென்று தெரியாமல் அவள் மகளின் நெற்றியைத் தடவி, “நாளை மாலை ஐந்து மணிக்கு வந்து பெற்றுக்கொள்ளவும்” என்றாள்.

கதை வேண்டும் என்று அழுதாள் குழந்தை. தினமும் அப்பா கதை சொல்லித்தான் தூங்குவாள். மெக்கானிக் தொண்டையைச் சரிசெய்துகொண்டு ஆரம்பித்தான்.

“ஒரு ராஜா. ராஜா தரைத்தளம். ராணி எட்டாவது தளம்.” யோசித்தான். “மின்தடை. பொறுமையாக இருக்கவும். உதவி வந்துகொண்டிருக்கிறது.”

“அப்புறம்?” என்று தமிழில் கேட்டாள்.

அவன் புரியாததுபோல் இருந்தான்.

“அப்பா, அப்புறம் என்னாச்சு? ராணி கீழ வந்தாளா?”

அவன் விதிப்படி கூரையைப் பார்த்தான். அப்பாவுக்குக் காது கேட்கவில்லை போல என்று நினைத்து அவள் எழுந்து உட்கார்ந்து காதில் கத்தினாள். மறுநாள் இது ஏதோ விளையாட்டு என்று முடிவுக்கு வந்து, பின்னாலிருந்து திடீரென்று “அப்பா!” என்று சொல்லி, அவன் திரும்புகிறானா என்று பார்த்தாள். திரும்பாமல் இருக்க அவன் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும். ஒன்பதாவது நாள் கேட்பதை நிறுத்திக்கொண்டாள். நாட்குறிப்பில் அந்த நாளுக்கு நேரே மதிப்பீட்டாளர் பச்சை நட்சத்திரம் ஒட்டினார்.

மெக்கானிக் நேர்மையானவன். அதுதான் கோளாறு. மற்ற பெற்றோர் நாட்குறிப்பில் பூஜ்யம் என்று எழுதிவிட்டு வீட்டில் வாய் நிறையப் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பது அவனுக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. அவன் ஒவ்வொரு சொல்லையும் எழுதினான். கொக்கி கழன்று கட்டைவிரலில் விழுந்தபோது “அம்மா” என்று கத்தியதை எழுதினான். எழுதிவிட்டு, இது சொல்லா என்று சந்தேகமும் கேட்டான்.

மையத்தில் அதற்கென்று சொல் வகைப்பாட்டுக் குழு இருந்தது. குழு மூன்று முறை கூடியது. ஆறாவது வாரம் பதில் வந்தது. “வலியின்போது எழும் ‘அம்மா’ ஒலியாகக் கருதப்படும். அழைக்கும்போது எழும் ‘அம்மா’ சொல்லாகக் கருதப்படும். ஐயம் ஏற்படின் காயத்தின் நீளத்தைக் குறிப்பிடவும்.” அவன் அளவுநாடாவை மனைவியிடம் வாங்கி, அரை அங்குலம், நகம் நீலம் என்று எழுதி அனுப்பினான். தூக்கத்தில் உளறும் சொற்களைப் பற்றியும் கேட்டிருந்தான். அவை இரண்டுக்கு ஒன்றாகக் கணக்கிடப்படும், மனைவியின் சாட்சிக் கையொப்பம் தேவை என்று பதில் வந்தது. குழந்தையின் தூக்கச் சொற்களுக்கும் இது பொருந்துமா என்று அவன் கேட்கவில்லை. குழந்தை இப்போது தூக்கத்தில் மட்டும்தான் தமிழ் பேசினாள். அதைக் காட்டிக்கொடுக்க அவனுக்கு மனம் வரவில்லை.

வீட்டில் சண்டையும் நின்றுபோனது. பொதுமொழியில் சண்டை போட அவர்களிடம் சரக்கு இல்லை. பால் வாங்கி வர மறந்துவிட்டான் என்றால், “ரசீது இல்லாமல் புகார் ஏற்கப்படாது” என்பதற்கு மேல் அவளுக்கு ஏச்சு வராது. சண்டை நின்றதும் சமாதானமும் நின்றது. பேச்சில்லாத வீட்டில் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் லாட்ஜில் பக்கத்துப் பக்கத்து அறைக்காரர்கள் மாதிரி வழிவிட்டு நடந்தார்கள்.

மூன்றாவது மாதம் ஒரு சனிக்கிழமை மதியம், குழந்தையை மாடி வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு அவன் மனைவியைக் கூட்டிக்கொண்டு கிளம்பினான். எங்கே என்று சொல்லவில்லை. பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்றின் மொட்டை மாடியில் லிஃப்ட் மோட்டார் அறை இருந்தது. சாவி அவனிடம். உள்ளே கிரீஸ் வாசனை, இரும்புக் கதவு, உட்கார ஒரு பழைய கேபிள் உருளை. கதவைச் சாத்தினான்.

“இப்பப் பேசு,” என்றான்.

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். வாயைத் திறந்தாள். முதலில் ஒன்றும் வரவில்லை. அப்புறம் நிற்கவில்லை.

“மூணு மாசமா அந்த ஈரத் துண்டைக் கட்டில் மேல போடுறியே, அறிவிருக்கா உனக்கு? சொல்ல வாயில்லைன்னுதானே போட்ட? எத்தனை நாள் மனசுக்குள்ளயே திட்டித் திட்டி எனக்கு நெஞ்சு வலியே வந்துடும்போல இருந்துச்சு தெரியுமா? எங்கக்கா பொண்ணுக்கு மாப்பிள்ளை பாத்திருக்காங்க, அதை உன்கிட்ட எப்படிச் சொல்றது? ‘அளவு எடுத்தாயிற்று’ன்னா?”

அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். யாரோ ஏழாவது மாடியில் பொத்தானை அழுத்த, மோட்டார் கடகடவென்று ஓடியது. ஓடி முடிக்கும்வரை அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். அதன் பிறகு சனிக்கிழமை தோறும் போனார்கள். கல்யாணமாகி ஏழு வருடம் கழித்து, கட்டின பெண்டாட்டியோடு அவன் திருட்டுத்தனமாகப் பேச ஆரம்பித்தான். ஒருநாள் மாடி வீட்டு அக்கா, “எங்க போறீங்க, சனிக்கிழமை ஆனா ரெண்டு பேர் மூஞ்சியும் பல்பு மாதிரி எரியுது?” என்று கண்ணடித்தாள். இரண்டு பேரும் வெட்கப்பட்டார்கள். மொழி பேசப் போகிறோம் என்று எப்படிச் சொல்வது?

ஐந்தாவது மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வாயாடி தலையின் ஒரு பக்கத்தைச் சுவரில் சாய்த்துக்கொண்டு நின்றாள்.

“அதிக எடை,” என்றாள், லிஃப்ட் பெண்ணின் குரலில். “தயவுசெய்து ஒருவர் வெளியேறவும்.”

கட்டிலில் அவளையும் சேர்த்து மூன்று பேரும் படுப்பதால் இடமில்லை என்கிறாள் போல என்று நினைத்து அன்று ராத்திரி மெக்கானிக் தரையில் படுத்தான். புதன்கிழமை சாப்பிடும்போது சொன்னாள். தட்டில் அதிகம் என்கிறாளோ என்று மனைவி பாதியை எடுத்தாள். வியாழக்கிழமை நாலைந்து தடவை சொன்னாள், கொஞ்சம் சத்தமாகவே. ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருவர் எழுந்து வெளியே போனார்கள். வெள்ளிக்கிழமை காலை தலையணையில் சீழும் இரத்தமும் இருந்தது.

“செவிப்பறை கிழிஞ்சிருக்கு,” என்றார் டாக்டர். அவரும் தமிழ்க்காரர்தான். “நாலஞ்சு நாளா வலி உயிர் போயிருக்கும். குழந்தை ஒண்ணுமே சொல்லலையா?”

“சொன்னா சார்,” என்றான் மெக்கானிக். “நாங்கதான் வெளிய போனோம்.”

அந்த வார நாட்குறிப்பைப் படித்த மதிப்பீட்டாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். வாக்கியத்தை இன்னொரு தடவை சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார்.

“முழு வாக்கியம். பணிவுச் சொல்லோட. உடம்புல இருக்கிற ஒரு அசௌகரியத்தை வெளிப்படுத்த, தானாவே பொதுமொழியில ஒரு வாக்கியத்தைத் தேர்ந்தெடுத்திருக்கா. இது பதினொண்ணாவது இலக்கு. ஏழாவது மாசம்தான் எதிர்பார்ப்போம்.”

“அவளுக்குக் காது வலி மேடம்.”

“காது எங்க துறை இல்ல. அதுக்கு ரெண்டாவது மாடி.”

சனிக்கிழமை மோட்டார் அறையில் மனைவி உட்காரவில்லை.

“போதும். நிறுத்திடலாம்.”

“இன்னும் மூணே மாசம்.”

“எம் பிள்ளை வலிக்குதுன்னு சொல்ல வார்த்தை இல்லாம நின்னுச்சு. எங்கடா செல்லம் வலிக்குதுன்னு கேக்க எனக்கும் வாயில்ல. இப்படி ஒரு படிப்பு வேணுமா?”

“நீ தனிப் பிரிவைப் பாத்ததில்ல. ஜன்னல் கிடையாது. கட்டையைப் பிரிக்கும், கலப்பாங்க, பிரிக்கும். அங்க நம்ம பிள்ளையைக் கொண்டுபோய் உக்கார வைக்கச் சொல்றியா?”

“நீ அதைப் பாத்த. நான் நம்ம வீட்டைப் பாத்துட்டிருக்கேன்.”

“மூணு மாசம். அப்புறம் உனக்கு எவ்வளவு வேணுமோ பேசு. அவளும் பேசுவா. சின்னப் பிள்ளைதானே, எங்க போயிடும்?”

மோட்டார் ஓடியது, நின்றது, ஓடியது. குடும்ப வாழ்க்கையில் மெக்கானிக் ஜெயித்த சண்டைகள் குறைவு. இதில் ஜெயித்தான்.

எட்டாவது மாத முடிவில் ஐம்பது அட்டைகளையும் மறுபடி காட்டினார்கள். வாயாடி கையைக் கட்டிக்கொண்டு நாற்பத்தொன்பது பொதுமொழிச் சொற்கள் சொன்னாள். குடைப் படத்துக்குக் குடையின் பொதுமொழிச் சொல்லைச் சொல்லிவிட்டு, அடுத்த அட்டைக்குக் காத்திருந்தாள். காற்றைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தவறிய ஒன்று மீன். தெரியாமல் இல்லை. அந்த அட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள், அதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

சான்றிதழ் விழாவில் இயக்குநர் பேசினார். அவர் நல்ல உயரம். பொதுமொழி மட்டும்தான் தெரியும், அதில் அவருக்குப் பெருமையும் உண்டு.

“இக்குழந்தை எம்மிடம் வந்தபோது அவளிடம் இருபத்து மூன்று சொற்கள் இருந்தன. இன்று நாற்பத்தொன்பது. இருபத்தாறு சொற்களை இம்மையம் ஒரு குழந்தைக்குப் பரிசளித்துள்ளது. இவள் முன்பு ஓயாமல் சத்தமிட்டுக்கொண்டிருந்ததாகக் கோப்பில் காண்கிறேன். இப்போது பாருங்கள், எவ்வளவு அமைதி! பேச்சு வளர்ச்சி என்பது இதுதான்.”

கை தட்டினார்கள். கூட்டல் கணக்கை எல்லாருக்கும் புரியும்படி பலகையில் எழுதியிருந்தார்கள். கழித்தல் கணக்கு பாடத்திட்டத்தில் இல்லை.

சான்றிதழின் பின்பக்கம் சின்ன எழுத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. அடுத்த ஆறு மாதம் பராமரிப்புக் காலம். ஒழுக்கம் தளர்ந்தால் சான்றிதழ் திரும்பப் பெறப்படும். மனைவி அதைப் படித்துவிட்டு அவனைப் பார்த்தாள். அடுத்த சனிக்கிழமை மோட்டார் அறைக்கு வரவும் மறுத்துவிட்டாள்.

மகள் ஜன்னல் இருக்கும் முதல் வகுப்பில் உட்கார்ந்தாள். நன்றாகப் படிக்கிறாள் என்று சொன்னார்கள். தொந்தரவே இல்லை என்றார்கள்.

பராமரிப்புக் காலம் முடிய மூன்று நாள் இருக்கும்போது மையத்திலிருந்து கடிதம் வந்தது. குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். வாசலில் கரடியை அழித்துவிட்டுப் புதுப் படம் வரைந்திருந்தார்கள். ஒரு தாய், ஒரு குழந்தை, இரண்டு பேர் வாயிலிருந்தும் பல நிறத்தில் எழுத்துகள் பறந்துகொண்டிருந்தன. மேலே ‘தாய்மொழி தழைக்கட்டும்’ என்று தமிழில் எழுதியிருந்தது.

மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்திருக்கிறதாம். இரண்டு மொழிக் குழந்தையின் சொற்களை இரண்டு மொழியிலும் சேர்த்தே எண்ண வேண்டும். வீட்டில் பெற்றோர் தங்களுக்கு நன்றாக வருகிற மொழியில்தான் பேச வேண்டும். ஒரு மொழி இன்னொன்றுக்கு இடைஞ்சல் இல்லை, துணை.

மதிப்பீட்டாளர் இதையெல்லாம் குழந்தை பக்கத்தில் இருக்கும்போதே தமிழில் சொன்னார். அது இப்போது அனுமதிக்கப்பட்டிருந்தது.

“இவளோட வீட்டு மொழியை நேத்து பள்ளிக்கூடத்திலயே வந்து சோதிச்சுட்டோம். அம்பதுக்கு நாலு. இது கவலைப்பட வேண்டிய எண்ணிக்கை. பிள்ளைகிட்ட நீங்க பேசுறதே இல்லையா?”

மெக்கானிக் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

“நீங்கதானே மேடம் பேசக் கூடாதுன்னீங்க?”

“நாங்க ‘ஒழுக்கம்’னுதான் சொன்னோம். நிறுத்துங்கன்னு எங்கயாவது எழுத்துல குடுத்திருக்கோமா? மத்த குடும்பங்க எல்லாம் அளவாத்தான் கடைப்பிடிச்சாங்க. நீங்க கொஞ்சம் அதிகமாவே போயிட்டீங்க.” கோப்பைப் புரட்டினார். “தூக்கத்துல பேசினதைக்கூட எழுதியிருக்கீங்களே!”

“முதல் நாளே ரெண்டையும் சேர்த்து எண்ணியிருந்தா எவ்வளவு வந்திருக்கும்?” என்று மனைவி கேட்டாள். குரல் ரொம்பத் தணிவாக இருந்தது.

“அம்பதுக்கு அம்பது. ஆனா அப்போ எண்ணுற முறை வேறயே.”

ஒரு படிவத்தை நீட்டினார். ‘வீட்டு மொழி இழப்புக்கான காரணம்’ என்று இருந்தது. அதன் கீழே தேர்ந்தெடுக்க மூன்று: பெற்றோரின் அலட்சியம், பெற்றோரின் வேலைப் பளு, பெற்றோர் சார்ந்த பிற. எதில் குறி போட்டாலும் சரிதான், அவசரமில்லை என்றார்.

பெரிய அறையில் செயல்விளக்கம் ஏற்பாடாகியிருந்தது. சுவரோரமாக, பயிற்சிக்கு வந்த பன்னிரண்டு பேர் அட்டையும் பேனாவுமாக நின்றார்கள். இயக்குநரும் வந்திருந்தார்.

“தாய்மொழியே குழந்தையின் முதல் வீடு,” என்றார் அவர். “இதை இம்மையம் தொடக்கம் முதலே வலியுறுத்தி வந்துள்ளது. அதற்கு முன்பு இருந்தது வேறு மையம். அதே கட்டடம், அதே ஊழியர்கள், ஆனால் கோப்பு எண் வேறு. தந்தை இப்போது தம் மகளிடம் தம் மொழியில் இயல்பாக உரையாடுவார். இரண்டு நிமிடங்கள்.”

“இயல்பாப் பேசுங்க,” என்றார் மதிப்பீட்டாளர், ஸ்டாப்வாட்சை அழுத்தியபடி. “வீட்டுல இருக்கிற மாதிரி நினைச்சுக்கோங்க.”

மெக்கானிக் மகளுக்கு முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்தான். சீருடைக் காலர் அவள் தாடை வரை வந்தது. பதினாலு மாதத்தில் சேர்ந்துபோனதெல்லாம் தொண்டையில் ஒன்றையொன்று தள்ளின. எதை முதலில் விடுவது என்று தெரியவில்லை. பேனாக்கள் காத்திருந்தன. அரை நிமிடம் போய்விட்டது.

“அப்பா மேல கோவமாம்மா?” என்றான்.

அவள் அவன் வாயைப் பார்த்தாள். கண்ணைப் பார்த்தாள். பிறகு, பெரியவர்களிடம் பேசுவதற்குச் சொல்லிக்கொடுத்திருந்தபடி கையைக் கட்டிக்கொண்டு, மதிப்பீட்டாளர் பக்கம் திரும்பினாள்.

“மன்னிக்கவும். இவர் என்ன கூறுகிறார்?”

சுவரோரத்தில் பேனாக்கள் ஓடின. தானாக முன்வந்து கேள்வி, முழு வாக்கியம், பணிவுச் சொல். மனைவி புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

மதிப்பீட்டாளர் குனிந்தார். ஒரு கணம் அவருக்கும் என்னவோபோல் இருந்திருக்க வேண்டும். பிறகு நல்ல பொதுமொழியில், தெளிவாக மொழிபெயர்த்தார்.

“உன் தந்தை கேட்கிறார்: அவரைப் பற்றி உனக்கு ஏதேனும் புகார் உள்ளதா?”

குழந்தை யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள், ஒருதரம் அவன் பக்கம் திரும்பிக்கூடப் பார்த்தாள்.

“புகார் எதுவும் இல்லை,” என்றாள். “நன்றி.”

இயக்குநர் கை தட்டினார். மதிப்பீட்டாளர் அதைப் படிவத்தில் அப்படியே எழுதி, தேதி போட்டு, தகப்பனார் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைப் பேனாவால் தட்டிக் காட்டினார்.